யார் செலவில் சிரிக்கிறோம்?

ஒரே ஒரு நாள் காதைத் தீட்டிக்கொண்டு வெளியே போய்ப் பாருங்கள். பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா இருந்தால் போதும். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் அப்படித்தான் கிளம்பினேன்.

காலை 8.40. பஸ். "படியில நிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? காது செவிடா?" என்கிறார் கண்டக்டர்.

8.55. சிக்னல். ஒரு மோட்டார் பைக், ஓர் ஆட்டோவைப் பார்த்து, "கண்ணு குருடாய்யா உனக்கு?"

10.20. ஆபீஸ். பக்கத்து ஸீட்காரர் கம்ப்யூட்டரைத் தட்டியபடியே, "இந்த நொண்டி மிஷினைக் குடுத்துட்டு டார்கெட் மட்டும் கேக்கத் தெரியுது."

11.15. டீ. "லூஸாப்பா நீ?" இது மட்டும் மூன்று தடவை, மூன்று பேருக்கு.

1.30. சாப்பாட்டு மேஜை. "இன்னிக்கு மேனேஜர் கீழ்ப்பாக்கம் ரேஞ்சுக்குப் போயிட்டார்."

4.00. மீட்டிங்கில் வாயே திறக்காத ஒருவருக்கு 'ஊமைக் கோட்டான்' என்று பட்டம்.

ராத்திரி 9.00. டி.வி.யில் காமெடி. திக்கித் திக்கிப் பேசும் ஒருவர் பெண் பார்க்க வந்திருக்கிறார். அவர் 'ப... ப...' என்று ஆரம்பித்ததுமே பின்னணியில் 'டொய்ங்' என்று ஒரு மியூசிக். அதாவது, இப்போது நாம் சிரிக்க வேண்டும்.

படுக்கப் போகும்போது பார்த்தால் நோட்டில் ஒன்றரைப் பக்கம் நிரம்பியிருந்தது.

இந்த லிஸ்ட்டில் ஒரு வேடிக்கை. திட்டு வாங்கியவர்களில் ஒருவருக்குக்கூட அந்தக் குறை கிடையாது. படியில் நின்ற பையனுக்குக் காது பிரமாதமாகக் கேட்கும். ஹெட்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆட்டோக்காரருக்குக் கண் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சிக்னலைத் தாண்டினார். மேனேஜருக்கு மூளை ரொம்ப நன்றாகவே வேலை செய்கிறது. எங்கள் பிரச்னையே அதுதான்!

அப்படியென்றால் யாருக்கும் நஷ்டமில்லையே? திட்டியவர் மறந்தாயிற்று. திட்டு வாங்கியவர் சிரித்தாயிற்று. கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்கிறோம். எனக்கென்னவோ இதில் ஒரு பில் பாக்கி நிற்பதாகப் படுகிறது.

மூலை டேபிள்காரர்

நாலு பேர் ஓட்டலுக்குப் போகிறோம். வயிறு முட்டச் சாப்பிட்டு, அரட்டை அடித்துவிட்டு எழுந்து வருகிறோம். பில்லை மட்டும், மூலை டேபிளில் தனியாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த யாரோ ஒரு மனுஷர் தலையில் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். நியாயமா?

நன்றாகக் காது கேட்கும் ஒருவனை 'செவிடா' என்று திட்டும்போது நடப்பது இதேதான். கவனக்குறைவு அவனுடையது. கோபம் நம்முடையது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆசாமி ஒருவரின் உடம்பை நடுவில் இழுத்து வந்து, 'நீ இவனைப் போல ஆயிட்டியே' என்கிறோம். அவரைப் போல இருப்பதே ஒரு வசவு என்று ஆகிறது.

அந்த மூன்றாவது ஆசாமி எங்கோ தூரத்தில் இல்லை. 2011-ம் வருட மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் ஊனமுள்ளவர்கள் 2.68 கோடிப் பேர். மொத்த ஜனத்தொகையில் 2.21 சதவிகிதம். அதாவது, ஏறத்தாழ 45 பேருக்கு ஒருவர். ஒரு பஸ் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தால் அதில் ஒருவர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர். இது வெளியே தெரிகிற, கணக்கெடுக்க வந்தவரிடம் சொல்லப்பட்ட கணக்கு. சொல்லாமல் மறைத்த வீடுகள் தனி.

தவிர, ஒவ்வொருவருக்கும் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை உண்டு. அவர்களும் நம் பக்கத்து ஸீட்டில்தான் வேலை பார்க்கிறார்கள். எங்கள் ஆபீஸில் ஒருவர் பத்து வருஷமாகப் பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தைக் கூட்டி வந்ததே இல்லை. 'கஞ்சன், புடவை எடுத்துக் கொடுக்கணுமேன்னு பயம்' என்று அதற்கும் ஒரு ஜோக் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு மூளை வளர்ச்சி குறைந்த ஒரு பெண் குழந்தை இருக்கிறாள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 'மெண்டல்' என்ற வார்த்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த ஹாலில் பறக்கிறது என்று எங்களைவிட அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். எந்த அப்பா அந்த ஹாலுக்குக் குழந்தையைக் கூட்டி வருவார்?

'முதல்ல நான் சிரிச்சுடுவேன் சார்!'

எனக்கு ஒரு நண்பர். வேறொரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். காதுக்குப் பின்னால் மிஷின் வைத்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீச்சில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு இந்தப் பக்கம் திரும்பியது.

"ஆபீஸ்ல கிண்டல் பண்ணினா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல நான் சிரிச்சுடுவேன் சார். மத்தவங்க சிரிக்கறதுக்குள்ள நாம சிரிச்சுட்டா, அந்த ஜோக் நம்ம மேல இல்லைன்னு ஆயிடும். பதினோரு வருஷ சர்வீஸ்ல கத்துக்கிட்ட டெக்னிக்."

"அப்ப பெரிசா பாதிக்கலைன்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "பாதிப்பு வேற இடத்துல சார். ரெண்டாவது தடவை கேக்கறதை விட்டுட்டேன்."

விஷயம் இதுதான். காது மிஷின் என்பது மூக்குக்கண்ணாடி மாதிரி இல்லை. கண்ணாடி போட்டால் எழுத்து பளிச்சென்று தெரிந்துவிடும். மிஷின் சத்தத்தைப் பெரிதாக்கும். எதிரில் இருப்பவர் பேச்சோடு, மின்விசிறி, பக்கத்து மேஜை டெலிபோன், ஜன்னலுக்கு வெளியே லாரி ஹாரன் எல்லாமே பெரிதாகும். இப்போது வரும் மிஷின்கள் இரைச்சலைக் கொஞ்சம் வடிகட்டுகின்றன என்றாலும், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற மீட்டிங்கில் எது யாருடைய வார்த்தை என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால் 'என்ன சொன்னீங்க?' என்று திருப்பிக் கேட்டே ஆக வேண்டும். கேட்டால்தான் வேலை நடக்கும்.

அவர் கேட்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், "சாருக்குப் பேட்டரி மாத்துங்கப்பா!" என்பார். ஹால் சிரிக்கும். இவரும் முந்திக்கொண்டு சிரிப்பார். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டுத் தலையாட்டப் பழகிக்கொண்டார். அப்படித் தலையாட்டிய ஒரு நாள், மேனேஜர் சொன்ன 'அறுபதாயிரம்' இவர் காதில் 'எழுபதாயிரம்' என்று விழுந்தது. செக் போய்விட்டது. பணம் திரும்பி வந்துவிட்டது என்றாலும் கையில் மெமோ வந்தது. அந்த வருஷம் இன்கிரிமெண்ட் கட்.

"மெமோவுல காரணம் 'கவனக்குறைவு'ன்னு போட்டிருந்தாங்க. நான் கவனமாத்தான் சார் இருந்தேன். திருப்பிக் கேக்கத்தான் பயந்துட்டேன்" என்றார்.

'மனசு புண்படும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோமே, அந்தப் புண் இப்படி இன்கிரிமெண்ட் வரைக்கும் போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. 'பேட்டரி' ஜோக் அடித்தவருக்கு இன்றுவரை இது தெரியாது. அவர் நல்ல மனுஷர் என்றும் நண்பரே சர்ட்டிபிகேட் கொடுக்கிறார். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தி பரிமாறினாராம். பில் போட்டவருக்கே பில் போட்டது தெரியாது. இந்த வியாபாரத்தின் விசேஷமே அதுதான்.

ஓர் ஏரியாவின் தலையெழுத்து

சென்னையில் கீழ்ப்பாக்கம் என்று ஒரு நல்ல ஏரியா. மரங்கள் உண்டு, மெடிக்கல் காலேஜ் உண்டு, வாடகை அதிகம். ஆனால் தமிழ்நாட்டில் எந்த மூலைக்குப் போய்க் 'கீழ்ப்பாக்கம்' என்றாலும் சிரிப்பு வரும். காரணம் அங்கே இருக்கிற அரசு மனநல மருத்துவமனை. 1794-ல் சென்னையில் ஆரம்பிக்கப்பட்டு, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் நடக்கிறது. இருநூறு வருஷத்துக்கு மேலாக லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு வைத்தியம் பார்த்த இடம். வேறு எந்த ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னாலும் நமக்குச் சிரிப்பு வருவதில்லை. இதற்கு மட்டும் வருகிறது.

சிரித்தால் என்ன ஆகும்? பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 10.6 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்னை இருப்பதாகச் சொன்னது. பத்தில் ஒருவர். பதற்றம், மனச்சோர்வு, குடிநோய் எல்லாம் இதில் அடக்கம். இவர்களில் வைத்தியமே பார்க்காதவர்கள், நோய்க்கு நோய் வித்தியாசப்பட்டாலும், பெரும்பாலும் 70 சதவிகிதத்துக்கு மேல். டாக்டர்கள் குறைவு, பணம் இல்லை, நோய் என்றே தெரியவில்லை என்று காரணங்கள் பல. 'வெளியே தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க' என்பதும் அவற்றில் ஒன்று. என்ன சொல்லுவார்கள் என்பதைத்தான் தினமும் டீ டைமில் ரிகர்ஸல் பார்த்துக் காட்டிவிடுகிறோமே!

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவரைத் தெரியும். தன் ஏரியா மெடிக்கல் ஷாப்பில் வாங்க மாட்டார். இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கி, அதை விட்டமின் டப்பாவில் கொட்டி ஆபீஸுக்குக் கொண்டு வருவார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் மேஜை மேலேயே பட்டையை வைத்திருக்கிறார். ரெண்டும் மாத்திரைதான், ஒன்றுக்கு மட்டும் மாறுவேஷம்.

இந்த வெட்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6-ம் தேதியை மறக்கக் கூடாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தனியார் நடத்திய ஒரு கொட்டகையில் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்து போனார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களுக்கு நம்பிக்கை, ஏழ்மை, அறியாமை என்று எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கும். 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லுக்குப் பயந்தவர்கள் அதில் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சப்பாணிக்கு ஒரு பேர் உண்டு

சினிமாவைத் திட்டாமல் எந்தக் கட்டுரையும் முடியக் கூடாது என்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. நான் பாதி மட்டும் திட்டுகிறேன்.

மாறுகண் மாப்பிள்ளை, காது கேட்காத மாமனார், திக்குவாய் வக்கீல், நொண்டிப் பிச்சைக்காரர் என்று நம் காமெடி டிராக்குகளில் ஒரு ஸ்டாக் லிஸ்ட் உண்டு. இவர்களுக்குக் கதையில் வேறு வேலை கிடையாது. வருவார்கள், தடுக்கி விழுவார்கள், தப்பாகக் கேட்பார்கள், போய்விடுவார்கள். எழுதியவருக்கு அன்று ஜோக் வரவில்லை, அதனால் ஒரு ஊனத்தை எழுதிவிட்டார் என்பதுதான் உண்மை.

ஆனால் இதே சினிமாதான் 1977-ல் '16 வயதினிலே' எடுத்தது. பாரதிராஜாவின் முதல் படம். கமல்ஹாசன் செய்த பாத்திரத்தை ஊரே 'சப்பாணி' என்று கூப்பிடும். அவனும் அதையே பேராக ஏற்றுக்கொண்டு திரிவான். மயில்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பாள்: உன் பேர் கோபாலகிருஷ்ணன், சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடு என்று. அவனும் ஒருவனை அறைந்துவிடுவான். தியேட்டரில் விசில் பறந்தது. விசில் அடித்த கையோடு வெளியே வந்து, அடுத்த நாளே காலை இழுத்து நடக்கிறவருக்குச் 'சப்பாணி' என்று பேர் வைத்தவர்களும் நாம்தான். படம் சொன்னதை விட்டுவிட்டுப் பட்டப்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

2007-ல் ராதாமோகன் எடுத்த 'மொழி'யை யோசித்துப் பாருங்கள். கதாநாயகிக்குக் காது கேட்காது, பேச வராது. படம் முழுக்கச் சிரிப்பு. பிரகாஷ்ராஜ் பேசுகிற ஒவ்வொரு வரிக்கும் தியேட்டர் குலுங்கியது. ஆனால் அந்தப் பெண்ணின் காதை வைத்து யாரும் ஜோக் அடித்ததில்லை. 'அன்பே சிவம்' (2003) படத்திலும் உடம்பெல்லாம் தழும்போடு வருகிற நல்லசிவம்தான் எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டு வருவார்.

இன்னும் பின்னால் போனால், 'கல்யாணப் பரிசு' (1959) தங்கவேலு. எழுத்தாளர் பைரவன் என்று மனைவியிடம் அவர் விட்ட கதையை நினைத்து இன்றைக்கும் சிரிக்கிறோம். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற கட்டம், 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழம்... இதில் எதற்காவது யாருடைய காலோ, கண்ணோ தேவைப்பட்டதா? புளுகு, பயம், அசட்டுத்தனம், அல்ப ஆசை, இவை போதும். இந்தச் சரக்கு எல்லா மனுஷரிடமும் உண்டு. அதனால் சிரிக்கும்போது நம்மைப் பார்த்தும்தான் சிரிக்கிறோம். பில்லை அவரவரே கட்டிக்கொள்கிறோம்.

'அவங்களே சிரிக்கறாங்களே சார்?'

இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் மூன்று கேள்விகள் உடனே வரும்.

ஒன்று: "காமெடியைக் காமெடியா எடுத்துக்கணும் சார். எல்லாத்துக்கும் புண்பட்டா எப்படி?" சரி. ஆனால் எடுத்துக்கொள்ள வேண்டியவர் யார் என்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை கேட்கிறவருக்கு அது ஜோக். பால்வாடி முதல் பென்ஷன் வரை தினம் ஐந்து தடவை கேட்கிறவருக்கு அது ஜோக்கா? நாம் அடிப்பது அன்றைக்கு நம் முதல் கல்லாக இருக்கலாம். விழுகிற இடத்தில் ஏற்கெனவே குவியல் இருக்கிறது. வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில், விளையாட்டுக்காகக்கூட ஒருவரை இகழ்வது துன்பம் தரும் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 'சும்மா தமாஷுக்கு' என்ற சாக்கு அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது போல!

இரண்டு: "பழமொழியிலயே இருக்கே? செவிடன் காதில் ஊதிய சங்குன்னு சொல்றதில்லையா? நொண்டி விளையாட்டுக்குப் பேர் மாத்தணுமா?" வேண்டாம். ஒற்றைக்காலில் தாவுகிற குழந்தைகளை விட்டுவிடுங்கள். அவர்கள் யாரையும் திட்டவில்லை. அகராதியிலிருந்து வார்த்தைகளைக் கிழித்துப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரு மனுஷனைக் கீழே இறக்குவதற்கு அந்த வார்த்தையை எடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

மூன்று: "அவங்களே தங்களைக் கிண்டல் பண்ணிக்கறாங்களே!" ஆமாம். பிரமாதமாகப் பண்ணுகிறார்கள்.

நம்முடைய இரட்டைப் புலவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருவருக்குக் கால் இல்லை, இன்னொருவருக்குப் பார்வை இல்லை. பார்வை இல்லாதவர் தோளில் கால் இல்லாதவர் உட்கார்ந்து வழி சொல்ல, ஊர் ஊராகப் போவார்களாம். ஒருவர் பாதி வெண்பா சொன்னால் இன்னொருவர் மீதியை முடிப்பாராம். தில்லைக் கலம்பகம் அவர்கள் பாடியது. மதுரையில் துணி துவைக்கும்போது இருந்த ஒரே துணியும் தண்ணீரோடு போய்விட்டதாம். 'கலிங்கம்' என்றால் துணி. அந்தக் கலிங்கம் போனால் என்ன, சொக்கலிங்கம் இருக்கிறார் என்று சிலேடை போட்டு வெண்பாவை முடித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கட்டத் துணியில்லாத நிலையிலும் நையாண்டி!

கேரளத்தின் முதல் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்குத் திக்குவாய். 'எப்போதுமே திக்குவீர்களா?' என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, 'இல்லை, பேசும்போது மட்டும்தான்' என்றாராம். இதில் அசடு வழிந்தவர் யார்? கேள்வி கேட்டவர்.

அதுதான் வித்தியாசம். அவரவர் பையிலிருந்து காசெடுத்து அவரவர் செலவழித்தால் அது தாராளம். அதைப் பார்த்துவிட்டு, 'அவரே செலவழிக்கிறாரே' என்று அவர் பைக்குள் நாம் கை விட்டால் அதற்குப் பேர் வேறு.

கோர்ட்டும் இதைத்தான் சொன்னது

இதை நான் டீக்கடை பாஷையில் சொல்கிறேன். சுப்ரீம் கோர்ட் சட்ட பாஷையில் சொல்லியிருக்கிறது. 'ஆங்க் மிச்சோலி' என்று 2023-ல் ஓர் இந்திப் படம். அதில் ஊனமுள்ளவர்களைக் கேலி செய்திருக்கிறார்கள் என்று நிபுண் மல்ஹோத்ரா வழக்குப் போட்டார். அவரே சக்கர நாற்காலியில் இருப்பவர். 2024 ஜூலை 8-ம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது. படத்துக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வகை நகைச்சுவையைப் பிரித்துக் காட்டியது. ஊனத்தோடு வாழ்வது எப்படி என்று புரிய வைக்கிற நகைச்சுவை ஒன்று. ஊனமுள்ளவரை இன்னும் கீழே தள்ளுகிற நகைச்சுவை இன்னொன்று. முதலாவதற்குத் தடை இல்லை. இரண்டாவது, வார்த்தையோடு நிற்காமல் வேலை, படிப்பு என்று எல்லா இடத்திலும் பாகுபாட்டை வளர்க்கிறது என்றது கோர்ட்.

அதோடு நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில், அரிய மரபணு நோய் உள்ளவர்களையும் ஊனமுள்ளவர்களையும் கேலி செய்த புகாரில் சிக்கிய மேடைக் காமெடியன்கள் சிலர், தங்கள் யூடியூப் சேனல்களிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஜோக் எங்கே சொல்லப்பட்டதோ அங்கேயே ரசீது!

சட்டமும் கையில் இருக்கிறது. 2016-ல் நிறைவேறிய ஊனமுள்ளோர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டது (1995-ம் வருடச் சட்டத்தில் ஏழுதான்). அதன் 92-வது பிரிவின்படி, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் ஊனமுள்ள ஒருவரை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. ஆபீஸ் டீ டைமுக்கெல்லாம் போலீஸ் வரப்போவதில்லை. ஆனால் இதைச் சட்டம் 'சும்மா தமாஷ்' என்று எடுத்துக்கொள்ளவில்லை என்பது தெரிந்திருப்பது நல்லது.

போர்டு மாறினால் போதுமா?

தமிழ்நாட்டில் 2010-ல் கருணாநிதி முதல்வராக இருந்தபோது 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. நல்ல வார்த்தை. போர்டுகள் மாறின, பஸ் ஸீட்டில் எழுத்து மாறியது. கொஞ்ச நாளில் என்ன ஆயிற்று? கிரிக்கெட்டில் கேட்ச் விட்டவனைப் பார்த்து, 'டேய் மாற்றுத்திறனாளி!' என்கிறார்கள் பையன்கள். இங்கிலாந்தில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காக இருந்த 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி', அந்த 'ஸ்பாஸ்டிக்' என்ற மருத்துவச் சொல்லைப் பள்ளிக்கூடப் பையன்கள் வசவாக்கிவிட்டதால், 1994-ல் தன் பேரையே 'ஸ்கோப்' என்று மாற்றிக்கொண்டது. ஊருக்கு ஊர் இதே கதைதான். வார்த்தையை எத்தனை தடவை வெளுத்துக் கொடுத்தாலும், சொல்கிற வாய் பழைய வாயாக இருந்தால் சாயந்திரத்துக்குள் அழுக்காகிவிடும்.

இன்னொரு பக்கம், ஒரேயடியாகத் தூக்கி வைப்பதும் உண்டு. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, சின்ன வயதில் பஸ் ஏறி வலது கால் சிதைந்தவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். கை வலிக்கத் தட்ட வேண்டியதுதான். ஆனால் 'நொண்டி' என்று கூப்பிடாமல் இருக்க ஒருவர் 1.89 மீட்டர் தாண்டிக் காட்ட வேண்டும் என்றால், எனக்கோ உங்களுக்கோ அப்படிக் கண்டிஷன் எதுவும் யாரும் போடவில்லையே! தாண்டாதவர், வெறுமனே கிளார்க் வேலை பார்த்துக்கொண்டு, மாசக் கடைசியில் கைமாற்றுக் கேட்கிறவர், அவருக்கும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மரியாதை உண்டு.

செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு. காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள். முகத்தைப் பார்த்து, நிறுத்திப் பேசுங்கள். திருப்பிக் கேட்டால் திருப்பிச் சொல்லுங்கள். திக்குகிறவர் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள்; அவரே முடிப்பார், ரயில் எதுவும் போய்விடாது. பார்வையில்லாதவரிடம், 'நான் யார் சொல்லுங்க பார்க்கலாம்' என்று புதிர் போடாமல் பேரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் அந்த மாதிரி வீடியோ வந்தால் சிரிப்பு பொம்மை போடாமல் தாண்டிவிடுங்கள். சிரிப்பு கிடைக்காத ஜோக் தானாகவே செத்துப் போகும். அதைக் கொல்ல லெக்சர் தேவையில்லை.

'அப்ப நாங்க யாரையுமே திட்டக் கூடாதா?' என்று நீங்கள் பதறுவது தெரிகிறது. தாராளமாகத் திட்டலாம் சார்! திட்டுவதற்குத் தமிழில் பஞ்சமா? சோம்பேறி, புளுகன், கஞ்சப் பிசுநாறி, தண்டச்சோறு, உதவாக்கரை, ஓசிப் பேர்வழி, உதார் பார்ட்டி, கோள்மூட்டி... இதெல்லாம் அவனவன் சம்பாதித்த பட்டங்கள். அடுத்தவர் பாக்கெட்டில் கை வைக்கத் தேவையில்லை. கோபம் இன்னும் அதிகமா? விளக்கெண்ணெய் இருக்கிறது, வெண்ணெய் இருக்கிறது, கழுதை, எருமை இருக்கின்றன.

விளக்கெண்ணெய்க்குப் பொங்கல் விழாவுக்குக் கூட்டி வர வேண்டிய குழந்தை இல்லை. எருமைக்கு யாரும் மெமோ கொடுக்கப் போவதில்லை.